பொட்டு வைக்காத ஓவன்

ஆயுத பூஜையன்று எங்கள் தேயிலைத் தோட்டத்து இட்லிக்கடை நவமணி அக்கா தராசுக்குக்கூடப் பொட்டு வைத்தாள், புது ஸ்டீம் ஓவனுக்கு மட்டும் வைக்கவில்லை. "இத்தாலி சாமானுக்குப் பொட்டு எதுக்குலா?" என்றாள். அத்தனை பெருமை!

மகள் நிச்சயதார்த்தத்தன்று ஓவனில் ஆவி வரவில்லை. சம்பந்தி வீட்டார் தாப்பா டவுனிலிருந்து கிளம்பிவிட்டார்கள். மெக்கானிக் குணாளன் தண்ணீர் வால்வைக் கழற்றி மேசையில் வைத்தான்.

"அடைச்சிருக்குக்கா. புதுசு ஈப்போ டவுன்லதான் கிடைக்கும்."

"மானம் போச்சேடா!"

அப்போது மேசையிலிருந்த வால்வு 'டக்' என்று திறந்தது. அதில் வயரும் இல்லை, குழாயும் இல்லை. ஓவனுக்குள் ஆவி குபுகுபுவென்று எழும்பியது.

இட்லி பஞ்சு மாதிரி வந்தது. சம்பந்தியம்மா கேட்டு வாங்கித் தின்றாள், நிச்சயமும் முடிந்தது. அப்பாடா! நானும் பார்சல் கட்டிக்கொண்டேன்.

ஈப்போவிலிருந்து வந்த வால்வை அக்கா இன்னும் பிரிக்கவில்லை. கடை ஓடுகிறது. மேசையில் பழையது 'டக், டக்' என்று திறந்து மூடுகிறது, நெற்றியில் குங்குமத்தோடு.