கூட வந்த அக்கா

இருபது வருடங்களுக்கு முன், மாடலாக நுழைந்த புதிதில் நீச்சலுடையில் எடுத்த நாட்காட்டிப் படத்தைக் கண்காட்சியில் வைக்க வேண்டாம் என்று கேட்க, ரோஷிணி மலேசியாவின் ஜொகூர் பாருவில், அதை எடுத்த புகைப்படக்காரர் தயாளனின் ஸ்டூடியோவுக்குப் போனாள்.

அவள் வாயைத் திறப்பதற்குள் தயாளனே சொன்னார்: “அந்தப் படத்த வைக்கலம்மா. நேத்தே உங்க அக்கா ஃபோன்ல திட்டிட்டாங்க லா.”

“எந்த அக்கா?”

“படம் எடுத்த அன்னிக்கு உன்கூட வந்தவங்கதான். ‘புள்ள நடுங்குது, போதும் நிறுத்து’ன்னு சத்தம் போட்டாங்களே.”

அந்தப் பெண்ணை ரோஷிணி மறக்கவில்லை. துண்டைப் போர்த்திவிட்டு, பஸ் நிலையம்வரை கூடவே வந்தவள்.

“எனக்கு அக்கா கிடையாது அண்ணே. அவங்க உங்க ஸ்டூடியோ ஆளுன்னுல்ல நெனச்சேன்.”

“நான் தனியாத்தான் வேலை பார்த்தேன்.”

தயாளன் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தார். குரல் இறங்கியது.

“கீழ நிக்கிறாங்க. அப்படியேதான் இருக்காங்க. ஒரு வயசுகூட ஏறல.”