ஃபிளாஷ் கணக்கு

ஃபிளாஷ் போட்டு எடுக்க, நான்கடி தூரத்துக்கு லென்ஸ் திறப்பான அப்பர்ச்சர் 11, எட்டடிக்கு 5.6 என்பது ஸ்டூடியோ தெட்சிணாமூர்த்திக்குத் தூக்கத்திலும் வரும் கணக்கு. அப்படியிருந்தும், முதல் பிறந்தநாள் படத்துக்கு வந்த குழந்தை நிலாவை, கிட்டப் போயும் தள்ளி நின்றும் மூன்றாம் முறையாக எடுத்தார்.

“இன்னும் எத்தனை தடவைங்க? புள்ள அழுவுறா.” நெடுங்காடு கிராமத்திலிருந்து குழந்தையைத் தூக்கிவந்த அம்மா அல்லி அலுத்துக்கொண்டாள்.

அவர் கேமராவைக் காட்டினார். மூன்று படத்திலும் நிலாவின் இடது கண்மணி மட்டும் வெள்ளையாக மின்னியது.

“ஃபிளாஷ் அடிச்சிருக்கு. கறுப்பாக்கிக் குடுத்துடுங்க.”

“மாட்டேம்மா. இன்னைக்கே கண் டாக்டர்கிட்ட காட்டுங்க.”

“போட்டோ சரியில்லன்னா டாக்டர் எதுக்குங்க?”

சுவரில் மாலைக்குள் சிரித்த சிறுமியின் படத்தை அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“என் மவளுக்கும் இப்படித்தான் விழுந்துச்சு. கண்ணுக்குள்ள புத்துநோய்னு தெரியாம, ஃபிளாஷ் கணக்குத் தப்பிடுச்சுன்னு நெனச்சு, நான்தாம்மா அந்தக் கண்ணைக் கறுப்பாக்குனேன்.”