வடபழனி வரை ஒரு கோடு

பல் தேய்த்தேன். காபி போட்டுக் குடித்தேன். சட்டைக்கு இஸ்திரி போட்டேன். போகிற வழியைப் பதிந்துகொள்ளும், மனைவி தாரணியின் ஜி.பி.எஸ். கருவியை எடுத்துக்கொண்டு, பாண்டி பஜாரில் சக்திவேலின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன்.

"என் மனைவி ஸ்கூட்டர்ல கடைசியா எங்கெங்க போனான்னு பாக்கணும். சாயங்காலம் இதை அவ ஆபீஸ்ல வாங்கிப்பாங்க. எல்லாத்தையும் அழிச்சிடுவாங்க."

"இன்னா சார், வீட்டம்மாவையே வேவு பாக்குறீங்களா?"

"சீக்கிரம் பாருங்க."

கேபிள் செருக இடமில்லை. மவுஸைக் கழற்றிவிட்டு அங்கே செருகினான். ஒன்றும் வரவில்லை. மறுபடி கழற்றி மாட்டினான். என்னால் உட்கார முடியவில்லை.

திரையில் ஒரு கோடு மெல்ல நீண்டது.

"மயிலாப்பூர்லேர்ந்து வடபழனி. இது இன்னா தெரு சார்?"

"அவ அம்மா வீடு."

"உள்ளகூடப் போகல சார். தெருமுனையிலயே திரும்பி மயிலாப்பூருக்கு வந்துகினு இருந்துக்கிறாங்க. டிப்போ தாண்டி கோடு நின்னுபோச்சு. பேட்டரி காலியா?"

"இல்லை. அங்கதான் லாரி மோதினது."

சக்திவேல் எழுந்து நின்றான்.

அம்மா வீட்டுக்குப் போகும் வழியில் இறந்தாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அன்று காலை மயிலாப்பூர் வீட்டில் எங்களுக்குள் சண்டை. கிளம்பும்போது அவள் கடைசியாகச் சொன்னது இதுதான்:

"இனிமே இந்த வாசப்படியை மிதிக்க மாட்டேன்."