அடுப்பு மூட்டாத வீடுகள்

துளசிங்கத்தின் உடலைக் கூடத்தில் கிடத்தியபோது, ஜன்னலுக்கு வெளியே ஊர் பனியில் மிதந்துகொண்டிருந்தது. தூரத்தில் ரயில் சத்தமில்லாமல் வழுக்கிப் போனது. வேலையைத் தடுக்கும் வழக்கங்களைக் கைவிடுவதாக வீடுகள் ஒவ்வொன்றாக அரசிடம் எழுதிக்கொடுத்த பிறகு வந்த வளம் இதெல்லாம். அக்கம்பக்கத்தில் சாவு விழுந்தால் பிணம் எடுக்கும்வரை அடுப்பு மூட்டாத வழக்கத்தை, இந்தக் கட்டடத்தில் முதலில் எழுதிக்கொடுத்தவள் துளசிங்கத்தின் மனைவி செங்கமலம்தான். அன்றுமுதல் அடுப்புகள் நேரத்துக்குத் தாமாகவே எரிந்தன. யாரும் ஷிப்டுக்குப் பட்டினியாகப் போகவில்லை.

எதிர்வீட்டு யசோதாவின் அம்மா இறந்த அன்றுகூட, செங்கமலத்தின் குக்கர் எட்டரைக்கு விசிலடித்தது. அந்த யசோதாதான் இப்போது வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வேலைக்குப் போவலையாடி?"

"அடுப்ப அணைச்சிட்டு வந்துட்டேன்க்கா."

"பதிவாயிடுமே. உன் பேர்ல குறை எழுதுவாங்க."

"எழுதட்டும்."

மணி எட்டரை ஆனது. செங்கமலம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேலேயும் கீழேயும், எட்டு மாடியிலும் ஒரு சத்தம் இல்லை. கட்டடமே மூச்சைப் பிடித்துக்கொண்டது போலிருந்தது.

பிறகு ஒரே ஒரு குக்கர் விசிலடித்தது. அவள் வீட்டுக் குக்கர். துளசிங்கத்துக்குச் சோறு குழைய வேண்டும் என்று அவளே சொல்லிவைத்திருந்தபடி, நான்கு முறை.