மீசை வளரும் வரை

"மீசை எங்க மச்சான்?"

கதவைத் திறந்த டைரக்டர் போட்ட சத்தத்தில் ஹாலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வாசலில் ஹீரோ நின்றிருந்தார். மூக்குக்குக் கீழே மழமழவென்று இருந்தது.

"கை தவறிடுச்சு அத்தான்..."

டைரக்டர் என்றதும் பெரிய சினிமாக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு அந்த மூன்றாம் மாடி வீட்டில் டி.வி. மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தது. ஆரம்பத்தில் ஆறுதல் சொல்ல வந்துபோன சொந்தபந்தம், அப்புறம் போனில் 'சாப்பிட்டீங்களா' என்று கேட்பதோடு நிறுத்திக்கொண்டது. அந்தச் சமயத்தில்தான் திடீரென்று ஒருநாள் அறிவித்தார், "நான் படம் எடுக்கப் போறேன்" என்று.

செலவே கிடையாது. செல்போன்தான் கேமரா. சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலிதான் டிராலி. மழை வேண்டுமென்றால் ஸ்டூல் மேல் ஏறிப் பூவாளியால் ஊற்ற வேண்டியதுதான். மனைவியின் தம்பி ஹீரோ. சொந்தத் தம்பி வில்லன். தம்பி மனைவி போலீஸ் இன்ஸ்பெக்டர். அந்தத் தொப்பிக்காகவே அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷூட்டிங்கைக்கூடத் தவறவிட்டதில்லை.

படம் முடிந்த மாதிரிதான். ஒரே ஒரு ஷாட் பாக்கி. ஹீரோ வாசல் மணியை அடிப்பதை எடுத்தாயிற்று. கதவு திறந்ததும் அவர் உள்ளே வர வேண்டும். அவ்வளவுதான், சுபம்.

அந்த ஷாட் எடுக்கிற அன்றைக்குப் பார்த்து ஹீரோ மீசையை எடுத்துவிட்டு வந்து நிற்கிறார். இது மூன்றாவது தடவை.

முதல் தடவை பிளேடு சறுக்கிவிட்டது என்றார். அடுத்த தடவை, ஏற்ற இறக்கமாக இருந்ததைச் சரி பண்ணப் போய் மொத்தமும் போய்விட்டது என்றார். மீசை திரும்ப வளரும்வரை, அவருடைய முதுகு மட்டும் தெரிகிற மாதிரி டைரக்டர் புதுசு புதுசாகக் காட்சி யோசிக்க வேண்டியிருந்தது. பாதிப் படம் முதுகாகவே ஓடியது.

"உங்களைப் போய் ஹீரோவாப் போட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!" டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

"மையால வரைஞ்சிடலாமே மாமா?" என்றாள் தம்பி மனைவி.

"என் படத்துல பொய் மீசையா? நடக்காதும்மா."

"மீசை இல்லாமலே எடுத்துடலாம்ண்ணா. யாரு கவனிக்கப் போறா?" என்றார் தம்பி.

"மணி அடிக்கும்போது மீசை இருக்கு, கதவு திறந்தா இல்லையா? பார்க்கிறவன் கைகொட்டிச் சிரிப்பான்டா!"

மச்சினர் குனிந்த தலை நிமிராமல் செருப்பைக் கழற்றினார்.

"சரி, வந்தது வந்துட்டீங்க. உட்காருங்க, டீ போடறேன். அந்த லாக்கப் சீனை இன்னொரு தடவை எடுத்துப் பார்ப்போம்" என்று டைரக்டர் அடுப்படிக்குப் போனார்.

கட்டிலை நிமிர்த்தி வைத்து லாக்கப் தயாரானது. தம்பி மனைவி அதட்டிய அதட்டலில் தம்பிக்கு நிஜமாகவே வியர்த்தது. வீட்டுப் பழக்கம், நடிக்க வேண்டிய அவசியமே இல்லை. டைரக்டர் 'கட்' சொல்ல மறந்து, போனைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டே நின்றார்.

சாயங்காலம் எல்லோரும் கிளம்பினார்கள். கீழே வந்ததும், மனைவியை கேட் பக்கம் நிற்கச் சொல்லிவிட்டு, தம்பி மச்சினரை மடக்கினார்.

"உங்களுக்கே இது நல்லா இருக்கா மச்சான்? பெண்டாட்டியைப் பறிகொடுத்த மனுஷன், ஏதோ இதுல மனசை ஆத்திக்கிறாரு. அதையும் முடிக்க விடாம விளையாட்டு காட்டறீங்களே!"

"வேணும்னு பண்ணலை..."

"மூணு தடவையுமா? அக்கா போனதோட அத்தான் உறவும் விட்டுப்போச்சுன்னு நினைச்சுட்டீங்க, அப்படித்தானே?"

மச்சினருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் அடக்கிக்கொண்டார்.

"திட்டறதெல்லாம் என்னையே திட்டுங்க. அடுத்த வாரம் மட்டும் வந்துடுங்க."

"எதுக்கு? உங்க முதுகைப் பார்க்கவா? எங்களுக்கும் வாரத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமைதான் இருக்கு. இனிமே நாங்க வர்றதா இல்லை. இதோட விட்டுடலாம்னு நாளைக்கு அண்ணனுக்குப் போன் பண்ணிச் சொல்லிடறேன். கெட்ட பேரு உங்களுக்குத்தான், எனக்கில்லை."

தம்பி ஸ்கூட்டரைக் கிளப்பினார். மச்சினர் ஓடிவந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ, அப்படிச் சொல்லிடாதீங்க மாப்ளே. அந்த மனுஷன் தாங்க மாட்டாரு."

"இவ்வளவு அக்கறை இருக்கிறவர், மீசையில கை வைக்கும்போது யோசிச்சிருக்கணும்!"

மச்சினர் அண்ணாந்து பார்த்தார். மூன்றாம் மாடி பால்கனியில் டைரக்டர் இன்னும் உள்ளே போகாமல், அவர்களைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்தார். மச்சினரும் பதிலுக்குக் கையசைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு அவருக்குச் சத்தியம் பண்ணியிருக்கேன்."

"எதை?"

"மீசையை நான் எங்க எடுத்தேன்? மூணு தடவையும் ஷூட்டிங்குக்கு மொத நாள் சாயங்காலமே என்னை வரச்சொல்லி, 'இந்த ஷாட்டும் முடிஞ்சுட்டா அப்புறம் யாரு மச்சான் என் வீட்டுப் படி ஏறப் போறாங்க?'னு அழுதுக்கிட்டே, உங்க அண்ணன்தான் தன் கையால வழிச்சு விட்டாரு!"