வாசலில் மாட்டிய படம்

"ஆளு, மரம், அருவி ஒண்ணும் வரையாதீங்க. கண்ணை மூடுனா என்ன நிறம் ஓடுதோ, அதைத் தாளம் மாதிரி போடுங்க" என்றார் தென்காசிப் பள்ளிக்கூட ஓவிய ஆசிரியர் ஏசுதாசன்.

மற்ற பிள்ளைகள் திருதிருவென்று விழித்தார்கள். ரஹ்மத் மட்டும் வரைந்தாள். கருநீலத்தில் மஞ்சள் கோடுகள், நடுவே சிவப்பு, மறுபடியும் நீலம்.

பூரித்துப்போன ஏசுதாசன் படத்தைப் பள்ளி வாசலில் மாட்டினார்.

குற்றாலத்துச் சாரலில் நனைந்துகொண்டே ரஹ்மத்தின் தெருக்காரர்கள் பார்க்க வந்தார்கள். விரல் மடங்க, உதடு அசைய, நெடுநேரம் நின்றார்கள். தாளம் பிடிபட்டுவிட்டதே என்று ஏசுதாசனுக்குத் தலைகால் புரியவில்லை.

பெருநாளுக்கு மறுநாள் ரஹ்மத்தின் வாப்பா அகமது கபீர் ஒரு மூட்டையோடு வந்தார்.

"படம் பாக்க யாரெல்லாம் வந்தாங்க, சார்?"

"உங்க தெருவே வந்துச்சு, அண்ணாச்சி! அப்படி ஒரு ரசனை!"

கபீர் மூட்டையை அவிழ்த்தார். விற்காத கைலிகள். கருநீலம், மஞ்சள், சிவப்பு.

"பெருநாள் யாவாரத்துக்குன்னு கதவைச் சாத்திக்கிட்டு நெய்த டிசைன் சார். எம்மவ ஒரு இழை பிசகாம வரைஞ்சிருக்கா. எங்க தெருவுல வீட்டுக்கு வீடு தறி. அவங்க படம் பாக்கல. இழை எண்ணுனாங்க."

படத்தைக் கழற்ற வாசலுக்கு ஓடினார் ஏசுதாசன்.

தெருவில் போன அத்தனை பேர் இடுப்பிலும் அந்தப் படம் நடந்து போய்க்கொண்டிருந்தது.