வேலைக்கு ஆள்

ஆயாமார் இரண்டு பேரும் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். ஆள் கிடைக்காவிட்டால் கணபதி என்ற ஊரில் இருந்த முதியோர் இல்லத்தை மூடிவிடலாம் என்றார், எப்போதாவது வந்து எட்டிப்பார்க்கும் நிர்வாகி மோகன்குமார். வார்டன் புவனா விடவில்லை. மறுநாளே ராசாத்தாளை அவர் முன்னால் நிறுத்தினாள்.

"படுக்கையில கெடக்கறவங்களத் தூக்கோணும், கழுவோணும். முடியுமுங்களா?" என்றார் அவர்.

"மாமியாளுக்கு வருசக்கணக்கா செஞ்சனுங்க."

"நீங்களும் பனியன் கம்பெனிக்கு ஓடிட்டீங்கன்னா?"

"எங்கீங்க ஓடறது?"

"மகன் சம்மதிப்பாருங்களா?"

"அவனக் கேக்கற காலம் போச்சுங்க."

மோகன்குமாருக்குத் திருப்தி. "தினமும் எந்த ஊர்ல இருந்து வருவீங்க?"

ராசாத்தாள் புவனாவைப் பார்த்தாள். புவனா 'சொல்லுங்க' என்பதுபோல் தலையசைத்தாள்.

"உள்ளே சன்னலோரக் கட்டில் என்னுதுங்க. மகன் இங்க கொண்டாந்து உட்டுப்போட்டுப் போய் ரெண்டு வருசமாச்சு."

மோகன்குமார் எழுந்தேவிட்டார். "ஏனுங்க புவனா, நாம பாத்துக்கோணும்னு சேத்த ஆளையே வேலைக்கு வெக்கறதா?"

"இவங்களால இனி ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னது மகனுங்க. நானில்லீங்க. சம்பளமும் மத்த ஆயாமாருக்குக் குடுத்ததே குடுக்கோணுமுங்க" என்றாள் புவனா.

அவர் பதில் சொல்வதற்குள், ராசாத்தாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே நடந்தாள்.